முப்பது சொட்டு என்றோம்

"அஞ்சு நாள்! அஞ்சு நாளா கண்ணை மூடல நான்—"

"மூடினீங்க. நேத்து மத்தியானம் சோபாவுல மூடினீங்க, நான்தான் போர்வை எடுத்து—"

"அது தூக்கமா? இமை கனத்து விழுந்துது, அவ்வளவுதான். அதுக்குப் பேர் தூக்கமா, ஸோய்கா, நீ சொல்லு!"

"அவங்களை எதுக்கு இழுக்கறீங்க? ஸோயா அத்தை, நீங்க பேசாதீங்க."

"அவ ஏன் பேசக்கூடாது? என் வீட்டுக்கு வந்தவ—"

"நம்ம வீட்டுக்கு."

"என் வீடு! ரொட்டி ஆலை எனக்குக் குடுத்த வீடு, என் பேர்ல இருக்கு!"

"சரி, உங்க வீடு. உங்க வீட்டுத் தொட்டியிலதான் ஊத்தினேன். போதுமா?"

ஸோய்கா, ஸோயா அத்தை, இரண்டும் நான்தான், பக்கத்து வீட்டுக்காரி. மேசை மேல் விரித்த செய்தித்தாளில் கிரேச்கா தானியம் கொட்டிக் கிடந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து உமியும் கல்லும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். உண்மையில் மருமகள் இங்காவும் நானும்தான் பொறுக்கினோம். ராயா பொறுக்குவதாகக் காட்டிக்கொண்டாள். ஒரு கருப்பு மணியைத் தொடுவாள், அது உருண்டு ஓடும். துரத்திப் பிடிப்பாள், மறுபடி ஓடும். இருபத்தாறு வருஷம் ரொட்டி ஆலையில் இரவு வேலையில் மாவு உருட்டிய விரல்கள் அவை.

"என்னடி, கை நடுங்குது?" என்றேன் மெதுவாக.

"குளிருது."

மார்ச் மாதம்தான். வோல்காவில் பனி உடைய ஆரம்பித்திருந்தது. ஆனால் வீட்டுக்குள் வெப்பக்குழாய் தொட முடியாத சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கா அரைக்கைச் சட்டையில் இருந்தாள். கம்பளி மேல்சட்டைக்குள் ராயா உட்கார்ந்திருந்தாள், மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

இந்தச் சண்டைக்கு விதை செவ்வாய்க்கிழமை விழுந்தது. அதற்கும் முன்னால் என்றால், பனிக்காலம் முழுவதும்.

ராயிசா சவேலியவ்னாவுக்கு, எங்களுக்கு அவள் வெறும் ராயா, காலையில் எழுந்தால் நாக்கு குழறும். காலைப் பத்து மணி வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். ஜனவரியில் இரண்டு தடவை விழுந்தாள், ஒரு தடவை குளியலறையில், ஒரு தடவை மாடிப்படியில். மூன்றாம் மாடி லூபா இங்காவை நிறுத்தி, "உங்க மாமியார் காலையிலயே ஆரம்பிச்சிடறாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இங்கா டிராம் பணிமனையில் வண்டி அனுப்புகிறவள். நூறு டிரைவர்கள் குடித்திருக்கிறார்களா என்று நாளெல்லாம் வாயை முகர்ந்து பார்க்கிறவளுக்கு இந்தக் கேள்வி எப்படி இருக்கும்! அவள் புருஷன் வதீம் வடக்கே எரிவாயு வயலில் ஒரு மாசம் வேலை, ஒரு மாசம் வீடு. அவன் வருவதற்குள் வோட்கா எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று செவ்வாய்க்கிழமை வீட்டைத் தலைகீழாக்கினாள்.

வோட்கா இல்லை. பதினோரு சிறு பாட்டில் சொட்டு மருந்து கிடைத்தது. பூட்ஸுக்குள் மூன்று, பால்கனியில் உப்பு மூட்டைக்குப் பின்னால் ஐந்து, மீதி தையல் பெட்டியில்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"சொட்டு," என்றாள் ராயா. "என்ன கேள்வி இது? சொட்டு தெரியாதா உனக்கு?"

தெரியாதவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. புதினாவும் சாராயமும் கலந்த அந்த வாசனை எங்கள் வயசுப் பெண்கள் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருக்கும். படபடப்பா, சொட்டு. பிள்ளையிடமிருந்து போன் வரவில்லையா, சொட்டு. தூக்கம் வரவில்லையா, கட்டாயம் சொட்டு. சர்க்கரைக் கட்டி மேல் விட்டும் சாப்பிடலாம், சின்ன கிளாஸில் தண்ணீர் விட்டும் குடிக்கலாம். சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம்.

"பதினோரு பாட்டிலா?"

"சேமிப்பு. கடையில ஒண்ணும் இல்லாத வருஷத்தை நீ பார்த்தியா? பால்கனியில உப்பு இருக்கு, தீப்பெட்டி இருக்கு, சோப்பு இருக்கு. அதையும் கேளு."

"தினம் எவ்வளவு போட்டுக்கறீங்க?"

"முப்பது சொட்டு. படுக்கும்போது. பெட்டியிலயே எழுதியிருக்கு."

இங்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "முப்பதுதான். என் கண்ணால பார்த்திருக்கேன்."

பொய் இல்லை அது. ராயா சமையலறையில் எல்லார் எதிரிலும் சத்தமாக எண்ணுவாள், இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. நானும் அப்படித்தான் எண்ணுவேன். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு யாரும் எண்ணுவதில்லை. பாதிரியார் பாவமன்னிப்பில் கேட்டாலும் நாங்கள் முப்பது என்றுதான் சொல்லியிருப்போம்.

இங்காவின் சித்தி மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் ஒரு தடவை இந்தச் சொட்டை எல்லை தாண்டி எடுத்துப் போனபோது பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களாம். அங்கே அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறதாம். அந்த ஞாபகத்தில் இங்கா பூதக்கண்ணாடி வைத்துப் பெட்டியின் பொடி எழுத்தைப் படித்தாள். ஏதோ பெயரைச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். வீடு பூராவும் புதினா மணத்தது.

"விஷம் போச்சு," என்றாள். "நாலு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். ஸோயா அத்தை, நீங்க கொண்டுவந்து குடுக்க மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன்.

அவள் கெட்டவள் இல்லை. மாமியாரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் செய்தாள். நானும் கெட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் தலையாட்டினேன்.

இப்போது சனிக்கிழமை. ராயா ஒரு கிரேச்கா மணியை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"ஸோய்கா, அதை இறக்கு."

"எதை?"

"மாவை. பொங்கிடுச்சு பாரு. தொட்டி விளிம்பைத் தாண்டி வழியுது. யாரு ஷிஃப்ட்ல இருக்கா? தோஸ்யாவைக் கூப்பிடு!"

இங்காவின் கை நின்றது. "ராயிசா சவேலியவ்னா, அங்க ஒண்ணும் இல்ல. ஜன்னல்தான்."

"கண் இல்லையா உனக்கு? தரையெல்லாம் மாவு!" என்று காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். எழுபத்து மூன்று வயதுக்காரி, சின்னப் பிள்ளை போல.

ஆலையில் அவளோடு வேலை செய்த தோஸ்யா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"நடிக்கறாங்களா?" என்று இங்கா என் காதருகில் கேட்டாள். கேட்கும்போதே அவள் உதடு வெளுத்திருந்தது. "நேத்தும் திரைச்சீலையில பூனைன்னாங்க. என்னைப் பயமுறுத்தத்தான்னு நினைச்சேன்."

"நடிப்பு இல்ல, பெண்ணே."

"அப்போ மூளையில ஏதாவது... நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

ஆம்புலன்ஸ்காரர் நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். சகதி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே கால் வைத்ததுமே ராயாவுக்குத் தெளிவு வந்துவிட்டது.

"பூட்ஸைக் கழட்டு! தரை துடைச்சிருக்கு."

"கழட்டி மாட்டற நேரத்துல நான் உங்களுக்கு அடுத்துப் போகவேண்டிய வீட்டுல இருக்கறவர் செத்துடுவார், அம்மா. கையைக் காட்டுங்க."

"என் அடுத்த வீடு இவதான். இவ சாகமாட்டா, கவலைப்படாதே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இங்கா சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு மேல். நாடி நூற்றிருபதைத் தொட்டது.

"கையை நீட்டுங்க. விரலை விரிங்க. ம். என்ன மருந்து சாப்பிடறாங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் இங்கா.

"ஒண்ணும் இல்ல," என்றேன் நான்.

"மருந்தே நான் தொடறதில்ல," என்றாள் ராயா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. "டாக்டர் வீட்டு வாசப்படி மிதிச்சு ஆறு வருஷம் ஆச்சு."

மூன்று பேரும் சத்தியமாக நம்பித்தான் சொன்னோம். அதை இன்று எழுதும்போதுதான் உடம்பு கூசுகிறது. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, மாத்திரை, ஊசி. சொட்டு என்பது டீ மாதிரி. டீ குடிக்கிறீர்களா என்றா அவர் கேட்டார்?

அவர் குரலைத் தாழ்த்தி இங்காவிடம் கேட்டார், "குடிப்பாங்களா?"

தாழ்த்திய குரல் ராயாவுக்குத்தான் முதலில் கேட்டது. "யாரைக் கேட்டே? என்னையா? என் கல்யாணத்துல நான் திராட்சை ரசம் குடிச்சேன், அதோட சரி! என் புருஷன் குடிச்சுச் செத்தான், நான் அந்த நாத்தத்தைக்கூட வீட்டுல விடல. வெளிய போ!"

"சரி சரி, தப்புதான். கை இப்படி நடுங்கறதைப் பார்த்தா கேக்கத்தான் தோணும். ஆஸ்பத்திரிக்கு வரீங்களா, ஒரு நாள் படுத்து..."

"வரமாட்டேன்."

"வரமாட்டேன்னு கையெழுத்துப் போடணும்."

கையெழுத்துப் போட்டாள். எழுத்து ஒரு கோடாக இழுத்துக்கொண்டு தாளுக்கு வெளியே போனது. அவர் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். இரண்டு மாத்திரைப் பெயர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கா மேலங்கியை மாட்டிக்கொண்டாள். "நான் மருந்துக்கடைக்குப் போய்ட்டு வந்துடறேன். இருபது நிமிஷம். ஸோயா அத்தை, வாக்கு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. அவள் காலடி மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று இறங்கிப்போவது கேட்டது. ராயா அதுவரை காத்திருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக, மீன் மாதிரி இருந்தது.

"உங்கிட்ட இருக்கு."

"இல்ல, ராயா."

"ஸோய்கா, நாப்பது வருஷமா உன்னைத் தெரியும். உங்கிட்ட இருக்கு. மேல்சட்டைப் பையில இருக்கு. நீ வந்ததுல இருந்து பைமேல கை வெச்சுக்கிட்டே இருக்கே."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? என்னைவிட அவ உனக்குப் பெருசா? நீ கோலிக் கல் எடுத்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ தினம் சூப் கொண்டுவந்தது யாரு?"

"பித்தக்கல்."

"எந்தக் கல்லோ. சூப் கொண்டுவந்தது யாரு?"

"நீதான்."

"அப்போ குடு. ஒரு மூடி. ஒரே ஒரு மூடி. எனக்குள்ள ஏதோ கம்பி இழுத்துக் கட்டியிருக்கு, ஸோயா. யாரோ அதை மீட்டிக்கிட்டே இருக்கான். எந்த நிமிஷமும் அறுந்துடும். நான் தூங்கறதுக்குக் கேக்கல. புரியுதா? தூக்கத்துக்கு இல்ல."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவள் கெஞ்சுகிறவள் இல்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை தெரியாது. நான் கொடுக்காததற்குக் காரணம் வாக்கு இல்லை. இங்கா திரும்பி வந்து புதினா வாசனையை முகர்ந்தால், "இது எங்கிருந்து வந்தது, இத்தனை நாளும் எங்கிருந்து வந்தது" என்று கேட்பாளே, அந்தப் பயம். ஏனென்றால் ராயா வீட்டுப் பாட்டில்களில் பாதி நான் வாங்கியவை. பாலத்தருகே மருந்துக்கடைக்காரப் பெண் "மறுபடியுமா?" என்று கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து ராயா என்னை அனுப்பினாள். பாலத்தருகே அவள், சந்தையருகே நான். மறுவாரம் மாற்றிக்கொள்வோம்.

"இல்ல, ராயா," என்றேன். "கொஞ்சம் பொறு. நாளைக்குச் சரியாகிடும். டீ போடறேன்."

"உன் டீயை உன் தலையில ஊத்திக்கோ," என்றாள்.

நான் கெட்டிலை வைக்கத் திரும்பினேன். பின்னால் நாற்காலி விழுந்தது.

அதை விவரமாக எழுத மாட்டேன். அவள் தரையில் கிடந்தாள். உடம்பு முழுக்கக் கட்டை போல விறைத்து, பிறகு குலுங்க ஆரம்பித்தது. கிரேச்கா மணிகள் எல்லாப் பக்கமும் தெறித்தன. முகம் நீலம் பாய்ந்தது. நான் மாடிப்படிக் கதவைத் திறந்து கத்தினேன். இங்கா அப்போதுதான் கீழ் வாசலில் நுழைந்திருக்கிறாள். நாலு மாடியையும் எப்படி ஏறினாளோ, மருந்துப் பையோடு வந்து விழுந்தாள்.

"ஸ்பூன்! பல்லுக்கு நடுவுல ஸ்பூன் வைக்கணும்!"

ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பூன். போனில் இருந்த பெண் கத்தியது எனக்கே கேட்டது: "வாயில எதையும் வைக்காதீங்க! ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க! தலைக்கு அடியில மெத்துனு ஏதாவது! எத்தனை நிமிஷமா இப்படி இருக்காங்க?"

எத்தனை நிமிஷம்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"ரெண்டு," என்றேன். "இல்ல... தெரியல."

குலுக்கல் நின்றது. அவள் கரகரவென்று மூச்சு விட்டாள். இங்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான், நான்தான் ஊத்தினேன், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரிடம் சொன்னாளோ.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சை வண்ணம். உள்ளே போனவர்கள் உள்ளேயே இருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார், பெயர் அமினா ரினாத்தவ்னா. நாற்பது வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்த தாத்தார் இனத்துப் பெண்மணி.

"நீங்க மகளா?"

"மருமக. இவங்க பக்கத்து வீடு."

"இப்போ சொல்லுங்க. எதை நிறுத்தினாங்க?"

"எதையும் நிறுத்தல."

"தலையைப் படம் எடுத்தாச்சு, ரத்தக் கசிவு இல்ல. சர்க்கரை சரியா இருக்கு. இந்த வயசுல முன்ன ஒரு தடவைகூட வராதவங்களுக்கு வலிப்பு சும்மா வராது. நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது. ஒண்ணு குடிச்சுக்கிட்டிருந்து நிறுத்தியிருக்கணும்—"

"குடிக்க மாட்டாங்க!" நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"—இல்லேன்னா தூக்க மருந்து சாப்பிட்டு நிறுத்தியிருக்கணும். எது?"

"தூக்க மாத்திரை வீட்டுலயே கிடையாது," என்றாள் இங்கா. "வெறும் சொட்டுதான். அதையும் செவ்வாய்க்கிழமை நான் கீழ ஊத்தி..." அவள் வாய் திறந்தபடியே நின்றது.

டாக்டர் பேனாவை மூடினார். "எந்தச் சொட்டு?"

"எல்லாரும் போட்டுக்கறதுதான். இதயத்துக்கு. புதினா வாசனை."

"அட கடவுளே," என்றார் டாக்டர் மெதுவாக. "இதயத்துக்கு! அதுல இருக்கறது பெனோபார்பிட்டால், கண்ணு. பார்பிட்டுரேட். அந்தக் காலத்துல தூக்கம் வரலேன்னா குடுக்கறது அதைத்தான். இப்போ தூக்கத்துக்குன்னு நாங்க யாரும் எழுதறதில்ல. எவ்வளவு எடுத்துக்கிட்டாங்க?"

"முப்பது சொட்டு."

"அவ்வளவுதானா?"

"படுக்கும்போது முப்பது. அவங்களே சொன்னாங்க. இவங்களும் பார்த்திருக்காங்க."

"முப்பது சொட்டை நிறுத்தினதுக்கு இப்படி வராது." டாக்டர் என்னைத்தான் பார்த்தார். எப்படித் தெரிந்ததோ. "கேளுங்க. நான் இப்போ அவங்களுக்கு மருந்தோட அளவு முடிவு பண்ணணும். குறைச்சுக் குடுத்தா மறுபடி வலிப்பு வரும், அடுத்தது நிக்காமக்கூடப் போகலாம். கூடக் குடுத்தா மூச்சு அடங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. முப்பதுன்னு நம்பிக் குடுத்தா ஒரு கணக்கு. முப்பது இல்லேன்னா வேற. அவங்களைக் கேட்டேன். அரை மயக்கத்துலயும் 'முப்பது'ன்னுதான் சொல்றாங்க."

மயக்கத்திலும் முப்பது. உண்மையைச் சொன்னால் நாளை கட்டிடம் முழுக்கத் தெரியும். சொட்டுக்காரி ராயா, வாங்கிக் கொடுத்த ஸோயா. லூபா மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சுவாள். ராயா கண் விழித்தால் முதல் வேலையாக என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்பாள். சொல்லாவிட்டால் அவள் கண் விழிக்காமல்கூடப் போகலாம்.

"பாட்டில்," என்றேன்.

"என்ன பாட்டில்?"

"ஒரு பாட்டில்."

"வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு."

இங்கா என் பக்கம் திரும்பவில்லை. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை காலமா?" டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"ஒரு பாட்டில் போன இலையுதிர் காலத்துல இருந்து. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தினம் அரை பாட்டில். ஆரம்பிச்சு பதினோரு வருஷம் இருக்கும், வேலையை விட்டதுல இருந்து. ராத்திரி முழுக்க நின்ன உடம்பு, படுத்தா தூக்கம் வரல. அப்போ நெசமாவே முப்பதுதான். அப்புறம் முப்பதுக்குத் தூக்கம் வர்றது நின்னுடுச்சு. நாப்பது, அம்பது, அப்புறம் மூடி..."

"சின்ன பாட்டிலா, பெருசா?"

"சின்னது. இருபத்தஞ்சு மில்லி."

"வேற ஏதாவது கூடச் சேர்த்து? பொய் வேண்டாம்."

"இல்ல. சத்தியமா வேற இல்ல."

"உங்களுக்கு எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்?"

"பாதி நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

டாக்டர் உள்ளே போனார். கதவு ஆடி ஆடி நின்றது.

பெஞ்சில் இங்காவும் நானும் மட்டும். ஒரு ஊழியப் பெண் வாளியைத் தள்ளிக்கொண்டு எங்கள் காலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினோம். துடைத்துவிட்டுப் போனாள். நாங்கள் தூக்கிய காலை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தோம்.

"செவ்வாய்க்கிழமை நான் ஊத்தும்போது நீங்க பக்கத்துல நின்னீங்க," என்றாள்.

"நின்னேன்."

"சேமிப்புன்னாங்க. நீங்க தலையாட்டினீங்க."

"ஆட்டினேன்."

"அது பதினோரு நாளுக்கான மருந்து. அவ்வளவுதான். சேமிப்பே இல்ல."

"ஆமா."

"ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டேன். யாரையாவது கேட்டிருப்பேன். வதீமுக்கு நான் என்ன சொல்றது? உங்க அம்மாவை நான்—" அவள் நிறுத்தினாள். "உள்ள சத்தமே இல்லையே. ஏன் சத்தமே இல்ல?"

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் சீராக ஒலித்தது. அது நிற்கிறதா என்று ஒவ்வொரு ஒலிக்கும் நடுவே காதைத் தீட்டினேன். ஒன்று. அடுத்தது. அடுத்தது.

எவ்வளவு நேரமோ. டாக்டர் வந்தபோது இங்கா எழுந்தாள்.

"நடுக்கம் குறைஞ்சிருக்கு. தூங்கறாங்க. மூச்சைப் பார்த்துக்கிட்டே இருக்கோம். இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் தாண்டணும், இப்பவே சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா முப்பதுன்னு நம்பியிருந்தா தாண்டியிருக்க மாட்டாங்க."

"என்ன குடுத்தீங்க?" என்றாள் இங்கா.

"அதையேதான். மாத்திரையா, அளந்து."

"அந்த விஷத்தையேவா?"

"அவங்க உடம்பு பதினோரு வருஷமா அது மேல சாஞ்சு நிக்குது. சாஞ்ச சுவரை ஒரே நாள்ல உருவிட்டீங்க. இப்போ திரும்ப வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தணும். சில நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் குறைக்கணும். வாரக்கணக்கு ஆகும், மாசம்கூட ஆகலாம். நீங்க செய்ய நினைச்சது சரி. செஞ்ச விதம்தான் ஆளைக் கொல்லும்."

"அப்புறம் தூக்கம்?"

"முதல்ல மோசமாத்தான் இருக்கும். கனவு கண்டு அலறுவாங்க. அதுக்கு வேற வழி இருக்கு, சொல்லித் தரோம். விழுந்தது, காலையில நாக்குக் குழறினது, மறதி, எல்லாம் இதனாலதான். வயசானவங்க உடம்பை விட்டு இது லேசுல போகாது, நாளுக்கு நாள் சேர்ந்துக்கிட்டே போகும். ஒரு நாள் இது மேல ரெண்டு மடக்கு வோட்காவோ, வேற ஒரு தூக்க மருந்தோ போயிருந்தா, காலையில எழுந்தே இருக்க மாட்டாங்க." அவர் கண்ணைக் கசக்கினார். "ஆம்புலன்ஸ்காரர் என்ன மருந்துன்னு கேக்கலையா?"

"கேட்டார்."

"ஒண்ணும் இல்லேன்னீங்க."

"ஆமா."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. இனிமே நானே அப்படிக் கேக்கப் போறதில்ல. சொட்டு எத்தனைன்னுதான் கேக்கப் போறேன். ஒருத்தர் மட்டும் உள்ள போய்ப் பார்க்கலாம். பேசக்கூடாது."

இங்கா உள்ளே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கட்டில் பக்கத்தில் நின்றாள். போர்வையை ராயாவின் தோள் வரை இழுத்துவிட்டாள், அது ஏற்கெனவே தோள் வரைதான் இருந்தது. ராயாவின் மார்பு ஏறி இறங்குவதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்தவள் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்த என் கையைப் பார்த்தாள். மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"பயப்படாதீங்க, உங்க சொட்டைக் கீழ ஊத்த மாட்டேன். உங்களுக்கு எத்தனை, ஸோயா அத்தை? முப்பதுன்னு மட்டும் சொல்லாதீங்க."